டாமஹாக் தலை காம்பில் ஆடுது: ஆப்பு அடிக்கலாமா, வேற வழி உண்டா?

குலசேகரம்_ரப்பர்

வணக்கம் அண்ணாச்சிமாரே. டாமஹாக் வகைக் கைக்கோடாலி ஒண்ணு இருக்கு. இரும்புத் தலை 650 கிராம், மரக்காம்பு 48 செ.மீ. ரப்பர் கம்பு நறுக்க, வேலிக்கு முளை கூராக்க, காய்ஞ்ச தென்னை மட்டை கொத்த இதைத்தான் எடுக்கிறது. மாசி பிறந்ததிலிருந்து தலை ஆடுது. வெட்டும்போது ஒவ்வொரு அடிக்கும் "டக்"குனு ஒரு சத்தம். தலையைப் பிடிச்சு அசைச்சா முன்னும் பின்னும் நகருது. காம்பில் வெடிப்பு எதுவும் கண்ணுக்குத் தெரியல.

இதுவரை செஞ்சது ரெண்டு. ராத்திரி முழுக்கத் தண்ணி வாளியில் போட்டேன். ரெண்டு நாள் கல்லு மாதிரி நின்னுது, மூணாம் நாள் முன்னைவிட மோசம். அப்புறம் சாதாரணக் கோடாலிக்குச் செய்யிற மாதிரி காம்போட அடியைத் தரையில் இடிச்சேன். இறுகுறதுக்குப் பதில் தலை கைப்பிடிப் பக்கமா இறங்கிடுச்சு.

காம்போட உச்சியை அறுத்து ஆப்பு அடிக்கலாமா? ரெண்டு ஆணி அடிச்சாப் போதும்னு சிலர் சொல்றாங்க, சைக்கிள் டியூப் சுத்தச் சொல்றவங்களும் உண்டு. தலையோட பக்கத்தில் சின்னதா ஒரு ஆலன் ஸ்க்ரூ இருக்கு, அதை முறுக்கினாத் தீருமா? புதுக் காம்புதான் வழின்னா நம்ம குமரி மாவட்டத்தில் கிடைக்கிற மரத்தில் எது நல்லது?

---

கொட்டாப்புளி

தம்பி, ஆணியையும் ரம்பத்தையும் கீழே வையுங்க. நீங்க இடிச்சபோது தலை இறங்கினதிலேயே பாதி பதில் இருக்கு.

கோடாலித் தலை காம்பில் நிற்பதற்கு ரெண்டு முறை உண்டு. சாதாரணக் கோடாலியில் காம்பு கீழேயிருந்து மேலே துளைக்குள் போகும். உச்சியைப் பிளந்து ஆப்பு அடித்து, மேலே விரியவைத்துப் பிடிக்கவைப்பார்கள். டாமஹாக் அப்படி இல்லை. அதன் துளை மேலே அகலம், கீழே குறுகல். காம்பும் உச்சியில் தடிமனாக, கைப்பிடிப் பக்கம் மெலிந்து வரும். மெலிந்த முனையைத் துளையின் மேல்வாயில் நுழைத்து, முழுக் காம்பையும் கீழே இழுத்தால் தடித்த உச்சி துளையில் போய் இறுகும். ஆப்பே கிடையாது. நம்ம ஊர் பிக்காசு அப்படியே இந்த முறைதான்: காம்பை இடித்துக் கழற்றி, தலையைத் தனியே தூக்கிக்கொண்டு போவார்களே, அதே அமைப்பு. ஓங்கி வீசும்போது தலை வெளியே பறக்கப் பார்க்கும், உச்சியின் தடிமன் அதை மறிக்கும். வீச வீச இறுகும்.

இப்போது இடிக்கிற திசையைப் பாருங்கள். காம்பின் அடியைத் தரையில் இடித்தால் காம்பு சட்டென்று நிற்கும், தலை தன் கனத்தால் கீழ்நோக்கி இன்னும் கொஞ்சம் போகும். சாதாரணக் கோடாலிக்கு அது நல்லது, தலை தடித்த பக்கம் போய் அமரும். டாமஹாக்குக்கு அதே இடி தலையை மெலிந்த பக்கம் தள்ளும், அதாவது கழற்றும். தலைகீழாகத் தொங்கவிட்டுக் காம்பின் அடியில் சுத்தியலால் தட்டும் வித்தையும் அப்படித்தான்: ஆப்புக் கோடாலியை இறுக்கும், டாமஹாக்கைத் தளர்த்தும்.

இறுக்குவதற்குக் காம்பைக் கவிழ்த்துப் பிடியுங்கள், உச்சி கீழே பார்க்கட்டும். தலைக்கு மேலே நீட்டிக்கொண்டிருக்கும் உச்சி மரத்தை ஒரு மரக்கட்டை மேல் 4, 5 தடவை நேராக இடியுங்கள். காம்பு நிற்கும், தலை தடித்த பக்கம் ஓடும். கான்கிரீட்டிலோ கல்லிலோ இடித்தால் உச்சி நசுங்கிப் பூப்போல விரிந்துவிடும், அதனால் மரக்கட்டை, இல்லாவிட்டால் அடிமரத் துண்டு. உச்சி நீட்டிக்கொண்டிருக்காமல் இரும்போடு சமமாக இருந்தால் இடிபடுவது இரும்பு, பலன் இல்லை.

தண்ணீர் ஏன் ஏமாற்றியது? மரம் நனைந்தால் உப்பும். சுற்றிலும் இரும்பு இருப்பதால் உப்ப இடம் கிடையாது. அப்போது மரத்தின் நார்க்குழல்கள் தன்னைத்தானே நசுக்கிக்கொள்ளும். காயும்போது நசுங்கினது திரும்பி வராது, முன்னிருந்த அளவைவிடச் சிறுத்துப் போகும். ஒவ்வொரு தடவை ஊறப்போடும்போதும் காம்பு கொஞ்சம் மெலிகிறது. போதாததற்குத் துளைக்குள் துரு பிடிக்கும். வெட்டி முடித்துவிட்டு வாளியில் போட்டுவைக்கும் பழக்கம் எந்தக் கோடாலிக்கும் வேண்டாம்.

மாசியில் தொடங்கியதிலும் ஆச்சரியம் இல்லை. நமக்குத் தென்மேற்கும் வடகிழக்கும் ரெண்டு மழையும் உண்டு, குலசேகரம் பக்கம் ஆனியிலிருந்து கார்த்திகை வரை மரம் ஈரத்தை உறிஞ்சிக்கொண்டே இருக்கும். தை, மாசியில்தான் அது உண்மையிலேயே உலரும். மழைக்காலத்தில் போட்ட காம்பு மாசியில் ஆடும்.

ஆலன் ஸ்க்ரூவைப் பற்றி: அது தலை நழுவி விழாமல் தடுக்கத்தான், இறுக்குவதற்கு அல்ல. முறுக்கினால் முனை மரத்தில் ஒரு புள்ளியைக் குழியாக்கும். தலை ஆட ஆட அந்தக் குழி நீள்வட்டமாகும். பொருத்தும் வேலை முடியும் வரை அதைக் கழற்றித் தனியே வைத்துவிடுங்கள். சரியாகப் பொருந்திய காம்புக்கு அது தேவைப்படாது.

அடுத்து சொல்ல எனக்கு அளவு வேண்டும். தலையைக் கழற்றி (உச்சி மேலே பார்க்க, பிடிப்பக்க முனையைக் கட்டையில் இடித்தால் இறங்கிவிடும்), துளையின் மேல்வாய் நீளம் அகலம், கீழ்வாய் நீளம் அகலம், தலையின் உயரம் மூன்றையும் மி.மீட்டரில் போடுங்க. தலையைக் கையால் எவ்வளவு ஏறுமோ அவ்வளவு ஏற்றினால் உச்சி எவ்வளவு நீட்டுகிறது என்பதும் வேணும்.

---

தோவாளைக்_காத்து

அண்ணாச்சி சொன்னதோட ஆணிக்கும் டியூபுக்கும் காரணத்தைச் சேத்துடுறேன்.

ஆணி: உச்சியில் அடிக்கிற ஆணி நாரை வெட்டாது, பிளந்து ஒதுக்கும். அந்தப் பிளவு ஆணியோட நிக்காது, வெட்டுற அதிர்ச்சியில் கீழே கீழே ஓடும். ரெண்டாவது ஆணி பக்கத்திலேயே விழுந்தா உச்சியில் ஒரு சில்லு தனியாப் பேந்துடும். ஆணிக்கும் மரத்துக்கும் நடுவில் தண்ணி இறங்கி, துரு பிடிச்சு, சுத்தி மரம் கறுத்து மெதுவாயிடும்.

சைக்கிள் டியூப்: ரப்பர் அமுங்கும், விட்டாத் திரும்பும். ஒவ்வொரு அடியிலும் தலை ஒரு மயிரிழை அசைஞ்சு அசைஞ்சு துளையோட கீழ்விளிம்பு காம்பை ரம்பம் மாதிரி அறுத்துக்கிட்டே இருக்கும். வெளியே இறுக்கமா இருக்கும், உள்ளே காம்பு செத்துக்கிட்டிருக்கும். அதுதான் ஆபத்து.

துணி, அட்டை, பிளாஸ்டிக் கவர் எல்லாம் இதே கணக்கு. அவசரத்துக்கு ஏதாவது சுத்தணும்னா தோல் மட்டும்தான். செருப்புத் தைக்கிறவர்கிட்டே 1 மி.மீ. கனமுள்ள பதனிட்ட தோல் கேளுங்க. தலை உயரத்தைவிட 1 செ.மீ. கூடுதல் அகலத்தில் ஒரு துண்டு, ரெண்டு விளிம்பும் ஒண்ணு மேல ஒண்ணு ஏறாம நேருக்கு நேர் முட்டுற மாதிரி வெட்டணும். ஏறினா அந்த இடத்தில் ரெண்டு பங்கு கனம், தலை கோணும். இதுவும் ஒரு வாரம் பத்து நாளுக்குத்தான், நிரந்தரம் இல்லை.

---

குலசேகரம்_ரப்பர்

அளந்துட்டேன் அண்ணாச்சி. மேல்வாய் 45 × 28. கீழ்வாய் 41 × 25. தலையின் உயரம் 40. கையால் முழுக்க ஏத்தினா உச்சி இரும்புக்கு 2 மி.மீ. உள்ளே போயிடுது, வெளியே நீட்டவே இல்லை.

கழட்டிப் பாத்தப்போ காம்போட உச்சிப்பக்கம் சுத்தி ஒரு விரல் அகலத்துக்கு வழவழன்னு கறுப்பா மினுக்குது. அதுக்குக் கீழே மரம் அப்படியே பழைய நிறத்தில் சொரசொரன்னு இருக்கு. துளையோட கீழ்விளிம்பு படுற இடத்தில் மட்டும் மெல்லிசா ஒரு வெட்டுக்கோடு, அதுலே சிவப்புப் பொடி.

---

கொட்டாப்புளி

நல்லாப் பார்த்து எழுதியிருக்கீங்க தம்பி. அந்த மினுக்கும் வளையம்தான் நோய்.

தலை 40 மி.மீ. உயரம் இருந்தும் காம்பைத் தொட்டுக்கொண்டிருந்தது உச்சியில் ஒரு விரலகலம் மட்டும். மீதி முழுக்க இடைவெளி. அதனால் உச்சியை அச்சாக வைத்துத் தலை ஊசலாடியிருக்கிறது, கீழ்விளிம்பு காம்பை உரசி அந்தக் கோட்டைப் போட்டிருக்கிறது. சிவப்புப் பொடி, துருவும் மரத்தூளும் கலந்தது. துளையின் வாயில் அந்தப் பொடி உதிர்ந்தால் உள்ளே அசைவு இருக்கிறது என்று அர்த்தம், கைக்கு ஆட்டம் தெரியாவிட்டாலும்கூட.

இப்போது உங்கள் அளவுகளை வைத்துக் கணக்கு. நீளவாட்டில் 45-லிருந்து 41, அதாவது 40 மி.மீ. உயரத்தில் 4 மி.மீ. குறுகல். தலை 10 மி.மீ. ஏறினால்தான் 1 மி.மீ. இறுக்கம். மரம் சுருங்கியோ தேய்ந்தோ அரை மி.மீ. மெலிந்தால் தலை 5 மி.மீ. மேலே போய் நிற்கும். ஆகவே புதுக் காம்பு போடும்போது உச்சி 10 மி.மீ.யாவது வெளியே நீட்டியிருக்க வேண்டும். அதுதான் வரப்போகும் சுருக்கத்துக்கு ஒதுக்கிவைக்கிற இடம். அழகுக்காக அதை இரும்போடு சமமாக அறுத்துவிடுகிறவர்கள் உண்டு. முதல் கோடையிலேயே பாடம் தெரியும்.

உங்கள் காம்பில் அந்த இடம் முழுக்கத் தீர்ந்துவிட்டது. மேலே ஏற்ற மரமே இல்லை. இனி அதைச் சீவிச் சரிசெய்ய முடியாது, கூட்டித்தான் ஆக வேண்டும். புதுக் காம்பு வரும்வரை ஓட்ட வேண்டுமானால் பிளைவுட் கடையில் 0.5 மி.மீ. தேக்கு வெனீர் (மெல்லிய மரத்தகடு) ஒரு சின்னத் துண்டு வாங்கி, தண்ணீர் தாங்கும் மரப்பசையில் காம்பின் நாலு பக்கமும் ஒட்டுங்கள். நார் நெடுக்காக ஓட வேண்டும். எதிரெதிர் பக்கம் அரை அரை மி.மீ. சேர்ந்தால் 1 மி.மீ. கூடும், தலை 10 மி.மீ. கீழே நிற்கும், உச்சி 8 மி.மீ. நீட்டும். ஒருநாள் காயவிட்டுப் பிறகு ஏற்றுங்கள். முளை சீவலாம், மட்டை கொத்தலாம். ரப்பர்க் கட்டையைப் பிளக்க எடுக்காதீர்கள்.

ஆப்பு அடித்தால் என்ன என்று கேட்டிருந்தீர்கள். இந்தத் துளையில் ஆப்பு உச்சியை மட்டும்தான் விரிக்கும். உங்களுக்கு ஆட்டமோ கீழே. உச்சி இன்னும் இறுகும், கீழே இடைவெளி அப்படியே இருக்கும். அதோடு, கழற்றி மாட்டும் வசதியும் போய்விடும்.

புதுக் காம்பு பொருத்தும் வேலையில் அவசரம் கூடாத ஓர் இடம் இருக்கிறது. துளையின் உள்சுவர் முழுக்கச் சிரட்டைக்கரிப் பொடியைத் தேயுங்கள். காம்பை மேலிருந்து நுழைத்து, தலைகீழாகக் கட்டையில் ரெண்டே இடி. கழற்றுங்கள். காம்பில் கரி ஒட்டிய இடம் மேடு, வெள்ளையாக இருப்பது பள்ளம். கரி ஒட்டினதை மட்டும் மர அரத்தாலோ உடைந்த கண்ணாடித் துண்டின் விளிம்பாலோ (கையில் துணி சுற்றிக்கொண்டு) மெல்ல ராவுங்கள். வெள்ளை இடத்தைத் தொடவே கூடாது. மறுபடி கரி, மறுபடி ரெண்டு இடி, மறுபடி ராவு. 10, 15 தடவை ஆகும். முதலில் ரெண்டு மூன்று புள்ளியாக விழும் கரி போகப்போகத் திட்டுத்திட்டாகப் பரவும். உச்சி ஓரத்திலும் கீழ்விளிம்பு ஓரத்திலும் சுற்றிவரக் கரி விழ வேண்டும். நடுவில் அங்கங்கே வெள்ளை இருந்தால் பரவாயில்லை, ரெண்டு ஓரமும் பிடித்திருந்தால் தலை ஊசலாட வழியில்லை.

ஒவ்வொரு தடவையும் காம்பை நீட்டிப் பிடித்து, ஒரு கண்ணை மூடி, கோடாலி வாயும் காம்பும் ஒரே கோட்டில் வருகிறதா என்று பாருங்கள். கோணலைக் கடைசியில் திருத்தலாம் என்று விட்டால் திருத்துவதற்கு மரம் மிச்சம் இருக்காது.

அளவு: உச்சி முனை 46 × 29, அங்கிருந்து 50 மி.மீ. கீழே 41 × 25. அதற்குக் கீழே எந்த இடமும் 40 × 24-ஐத் தாண்டக் கூடாது, தாண்டினால் துளை வழியே காம்பு இறங்காது. சாதாரணக் கோடாலிக் காம்பின் நுனியில் கை நழுவாமலிருக்க ஒரு புடைப்பு விடுவார்களே, அது இதற்கு ஆகாது. பிடிப்பு வேண்டுமானால் எல்லாம் முடிந்தபின் நுனியில் ஒரு துளையிட்டுக் கயிறு கோக்கலாம். தொடக்கத்தில் எல்லா அளவிலும் 1 மி.மீ. கூடுதலாகவே விடுங்கள், கரி பார்த்துக் குறைக்கலாம்.

---

பூவரசு_நிழல்

மரத்தைப் பத்தி நான் சொல்றேன்.

காம்பு மரத்துக்கு ரெண்டு குணம் வேணும்: அதிர்ச்சியைத் தாங்கி வளைஞ்சு திரும்பணும், பிளக்கக் கூடாது. வெறும் கடினம் போதாது. தேக்கு வீட்டுக்கு ராஜா, கோடாலிக் காம்புக்கு ஆகாது. காய்ஞ்ச தேக்கு அடியில் சட்டுனு முறியும். பலா, அயனி ரெண்டும் கதவு நிலைக்கு நல்லது, இதுக்கு வேண்டாம். தென்னை நார் நாரா ஈட்டி மாதிரி சிம்பும், உள்ளங்கையில் ஏறும். சவுக்கு கனமான கெட்டி மரம்தான், காயும்போது நெடுக வெடிக்கும். ரப்பர் மரம் நம்ம மாவட்டத்தில் சும்மா கிடக்குதுன்னு எடுக்காதீங்க. மருந்து ஏத்தாத ரப்பர் மரத்தில் பூஞ்சை பிடிக்கும், பொடிவண்டு உள்ளேயே துளைச்சு மாவாக்கும். வெளியே குண்டூசித் தலை அளவு ஓட்டைதான் தெரியும், உள்ளே ஒண்ணுமிருக்காது.

எடுக்க வேண்டியது: புளி, கருவேலம், பூவரசு, கொய்யா. மரக்கடையில் தடசு (சடச்சின்னும் சொல்லுவாங்க) கிடைச்சா யோசிக்காம வாங்குங்க, வளைஞ்சு கொடுக்கிறதில் அதுக்கு ஈடு குறைவு. காட்டுக்குள்ள போய் வெட்டுற வேலை வேண்டாம், அது வனத்துறை நிலம். புளி ரொம்பக் கெட்டி, உலக்கையும் கொட்டாப்புளியும் (மரச்சுத்தியல்) செய்யிற மரம். நார் முறுக்கி ஓடுறதால சீவும்போது பெயர்ந்து வரும், அரத்தால்தான் இழுக்கணும். முதல் தடவை செய்யிறவங்களுக்குக் கொய்யாதான் கைக்கு இணக்கம். பழைய கொய்யாமரத்தில் மணிக்கட்டைப் போல ரெண்டு பங்கு தடிச்ச நேர்க்கொம்பு பாருங்க.

கொம்பை உருண்டையா அப்படியே காயப்போட்டா நடுச்சோறு வரைக்கும் வெடிக்கும். வெட்டின அன்னைக்கே நெடுகப் பிளந்து, நடுச்சோறு இல்லாத பாதியை எடுக்கணும். ரம்பத்தில் அறுக்கிறதைவிடப் பிளக்கிறது நல்லது, பிளவு நார் ஓடுற வழியிலேயே போகும். அறுத்தா நார் குறுக்கே வெட்டுப்பட்டுக் காம்போட பக்கத்தில் வெளியே வந்து முடியும், முறியிறதும் சரியா அந்த இடத்தில்தான். நம்ம மரங்கள் பலதில் ஆண்டு வளையம் தெளிவாத் தெரியாது. அதனால வளையத்தைத் தேட வேண்டாம், நார் உச்சியிலிருந்து பிடி வரைக்கும் அறுபடாம ஓடுதான்னு பாத்தாப் போதும்.

55 செ.மீ. நீளம், 6 × 4 செ.மீ. துண்டா எடுத்து ரெண்டு வெட்டுமுனையிலும் மெழுகோ பெயிண்டோ கனமாப் பூசுங்க. முனை வழியா ஈரம் வேகமாப் போறதுதான் வெடிப்புக்குக் காரணம். நிழலில், காத்தாட, சுவத்தில் படாம வையுங்க. ஆரல்வாய்மொழி, முப்பந்தல் பக்கம் காத்தில் சீக்கிரம் காயும், முனையில் பூசலைன்னா அதே வேகத்தில் வெடிக்கவும் செய்யும். அடுப்புக்கு மேல பரண் இருக்கிற வீட்டில் அங்கே வெச்சா பூச்சியும் அண்டாது. எவ்வளவு நாள்னு கேட்டா, இந்தக் கனத்துக்கு ஒரு வருஷம் வெச்சா நிம்மதி. அதுக்குள்ள காய்ஞ்சுதான்னு தெரியணும்னா வாரத்துக்கு ஒருதடவை அடுக்களைத் தராசில் எடை போட்டு அந்தக் கட்டையிலேயே பென்சிலால் எழுதி வாங்க. மூணு வாரம் தொடர்ந்து எடை ஒரே மாதிரி நின்னாக் காய்ஞ்சுதுன்னு அர்த்தம். அதுவும் மழைக்காலத்தில் நின்ன எடையை நம்பாதீங்க, மாசி பங்குனியில் நின்ன எடைதான் கணக்கு.

பச்சைக் கொம்பைச் சீவி அன்னைக்கே போடுறது ஊரெல்லாம் நடக்கிறது. ரெண்டே வாரத்தில் ஆடும்.

---

வடசேரி_உலை

தலையைப் பத்தி யாரும் பேசலையே. காம்பு எவ்வளவு நல்லா இருந்தாலும் துளை மோசமா இருந்தா நிக்காது.

டாமஹாக்குங்கிறது வட அமெரிக்கப் பூர்வகுடிகளோட அல்கொங்கின் மொழிகள்லேர்ந்து வந்த பேர். பழைய முறையில் இரும்புப் பட்டையை ஒரு உருளை மேல மடிச்சு, காய்ச்சி ஒட்டித் துளையை உண்டாக்குவாங்க. உலையில் அடிச்சதோ அச்சில் வார்த்ததோ, துளைக்குள்ள பிசிறும் மேடும் இருக்கும். விரலை விட்டுத் தடவிப் பாருங்க. அரைவட்ட அரத்தால் மேட்டை மட்டும் எடுங்க, துளையோட சரிவை மாத்திடாதீங்க. கீழ்விளிம்புதான் முக்கியம்: கூரா இருந்தா 1 மி.மீ. அளவுக்கு மழுக்குங்க. தம்பி சொன்ன அந்த வெட்டுக்கோடு இந்தக் கூர் போட்டதுதான். காம்பு முறியும்போது பெரும்பாலும் அங்கேதான் முறியும்.

அடுத்தது, துளை விரிஞ்சுபோகாம காப்பாத்துறது. டாமஹாக்கோட பின்பக்கம் பெரும்பாலும் அடி தாங்குறதுக்குச் செஞ்சது இல்லை. கட்டையில் சிக்கினா அது மேல இன்னொரு சுத்தியலால் அடிச்சு இறக்கினா துளையோட மெல்லிய சுவர் அகலும். அகன்ற துளைக்கு எந்தக் காம்பும் நிக்காது. இரும்பும் இரும்பும் மோதி சில்லு தெறிச்சாக் கண் போயிடும். சிக்கினதைப் பக்கவாட்டில் நெம்பாதீங்க. காம்பை மேலும் கீழுமா, வெட்டின கோட்டிலேயே ஆட்டி எடுங்க.

பழைய காம்பு முறிஞ்சு உள்ளே மாட்டிக்கிட்டா அடுப்பில் போட்டு எரிக்கிற வழக்கம் உண்டு. தயவுசெஞ்சு செய்யாதீங்க. கோடாலி வாய் 200 டிகிரிக்கு மேல போகப்போக பதம் (இரும்போட கடினம்) இறங்கிக்கிட்டே வரும். பொன்னிறம் தாண்டி நீலம் ஓடிட்டா வாய் மெதுவாயிடும், தீட்டினாலும் ரெண்டு வெட்டில் மழுங்கும். அடுப்புத் தீ அதைவிட ரொம்பச் சூடு. அதுக்குப் பதில் கீழே நீட்டிக்கிட்டிருக்கிற மரத்தை இரும்பு ஒட்ட அறுத்துட்டு, 8 மி.மீ. டிரில்லால் நாலஞ்சு ஓட்டை போட்டு, கீழேயிருந்து மேல்வாய்ப் பக்கமா ஒரு கட்டைத் துண்டு வெச்சுத் தட்டுங்க. இந்தத் துளை மேலே அகலம், அதனால மேல்பக்கமா மட்டும்தான் வெளியே வரும்.

எண்ணெய் விஷயம். வீட்டில் தேங்காயெண்ணெய் இருக்கேன்னு காம்பில் தடவுறது நம்ம பக்கம் சகஜம். தேங்காயெண்ணெய் காயாத எண்ணெய். கைப்பிடியில் பிசுபிசுன்னு நிக்கும், துளைப்பக்கம் இறங்கினா மரமும் இரும்பும் வழுக்கும். பெயிண்ட் கடையில் கிடைக்கிற டபுள் பாயில்ட் லின்சீட் ஆயில் (ஆளிவிதை எண்ணெய்) காத்துப்பட்டு உறையும், அதை வாங்குங்க. துணியில் மெல்லிசாத் தேச்சு, அரைமணி கழிச்சு மிச்சத்தைத் துடைச்சு, ஒருநாள் விட்டு இன்னொரு கை. மூணு கை போதும். உச்சியோட வெட்டுமுகத்துக்கு மட்டும் குடிக்கிற வரைக்கும் கொடுங்க, ஈரம் ஏறி இறங்குறது அங்கேதான் அதிகம். துடைச்ச துணியைச் சுருட்டி மூலையில் போட்டா உறையிற சூட்டிலேயே தானாத் தீப்பிடிக்கும். விரிச்சு வெளியே காயப்போடுங்க, இல்லாட்டி தண்ணியில் முக்கி வையுங்க.

இன்னொண்ணு: முந்திரித்தோட்டு எண்ணெய் படகுக்கு அடிக்கிறதைப் பாத்துக் காம்புக்கும் அடிக்கலாமான்னு கேக்கிறவங்க இருக்காங்க. கூடாது. அது தோலைப் பொசுக்கும், கையில் பிடிக்கிற பொருளுக்கு ஆகவே ஆகாது.

---

மிடாலம்_கடல்

ஒரு சந்தேகம் வடசேரி அண்ணாச்சி. அரால்டைட் ஊத்தி ஒட்டிட்டா இவ்வளவு வேலையும் மிச்சம்தானே? எங்கிட்ட இருக்கிறது டாமஹாக் இல்லை, ஆப்பு போட்ட சாதாரணக் கோடாலி.

---

வடசேரி_உலை

இடைவெளியை அரால்டைட் மாதிரி எபாக்ஸிப் பசையால் நிரப்பினா அது மரம் மாதிரி கூடவே சுருங்கி விரியாது. மாசியில் மரம் பின்வாங்கும், பசை இரும்போட நிக்கும், நடுவில் விரிசல். அப்புறம் அதைக் கழட்டுறதும் கஷ்டம்.

உங்க ஆப்புக் கோடாலிக்கு: ஆப்பு மட்டும் தளர்ந்திருந்தா அதைப் பிடுங்கிட்டு, காம்போட அடியை நேரா இடிச்சு (உங்களுக்கு இது சரியான திசை) தலையைக் காம்போட தோள் (காம்பு தடிக்கிற இடம்) வரைக்கும் இறக்குங்க. ஆப்புக்காகக் காம்பு உச்சியில் அறுத்த வெட்டுவாய் துளை ஆழத்தில் மூணில் ரெண்டு பங்கு இருக்கணும். அதுக்குக் குறைஞ்சா ஆப்பு அடியில் முட்டி, மேலே மட்டும் விரியும். புது ஆப்பு நல்லாக் காய்ஞ்ச அயனியிலோ தேக்கிலோ, மேலே 7 மி.மீ. கனம், நுனி 1 மி.மீ., அகலம் துளையோட நீளத்துக்குச் சரியா. சின்னச் சின்ன அடியா, நேரா இறக்குங்க. ஓங்கி ஒரே அடியா அடிச்சா ஆப்பு பாதியில் உடையும், உடைஞ்சதை எடுக்கிறது பெரும்பாடு. ஈரமான ஆப்பு காய்ஞ்சதும் தானா விழுந்துடும். காம்பு உச்சி 5 மி.மீ. இரும்புக்கு மேல நிக்கட்டும்.

மிடாலம் கடற்கரை ஊர். உப்புக்காத்தில் துளைக்குள்ள துரு சீக்கிரம் ஏறும். காம்பு மாத்தும்போது கம்பி பிரஷால் உள்ளே சுத்தம் பண்ணாம விடாதீங்க. துருப்படலத்து மேல இறுக்கின காம்பு அது பொடியானதும் தளரும்.

---

குலசேகரம்_ரப்பர்

எல்லாருக்கும் நன்றி. வெனீர் வாங்கியாச்சு, கொய்யாக் கொம்பும் பிளந்து முனையில் மெழுகு பூசிப் பரணில் ஏத்தியாச்சு, 1 கிலோ 140 கிராம். வெனீர் ஒட்டின பிறகு, மறுபடி தளருதான்னு வெட்டுறதுக்கு முன்னாடியே எப்படித் தெரிஞ்சுக்கிறது? பக்கத்தில் பிள்ளைகள் நிக்கும், அதான் பயம்.

---

கொட்டாப்புளி

இறுக்கி முடித்தவுடன் தலையின் கீழ்விளிம்பை ஒட்டிக் காம்பில் சுற்றிவர ஒரு பென்சில் கோடு போடுங்க. உச்சி எவ்வளவு நீட்டுகிறது என்பதையும் எழுதிவையுங்கள். வெட்டப் போகுமுன் கோட்டைப் பாருங்கள்: கோடு தலைக்கு அடியில் மறைந்திருந்தால் தலை கைப்பிடிப் பக்கம் இறங்கிவிட்டது, வெட்டாமல் கட்டையில் கவிழ்த்து இடித்து ஏற்றுங்கள். கோட்டுக்கும் இரும்புக்கும் நடுவில் மரம் தெரிந்தால் தலை உச்சிப்பக்கம் ஏறியிருக்கிறது. முதல் பத்து நாளில் 2, 3 மி.மீ. ஏறுவது இயல்புதான், புதுக்கோடு போட்டுக்கொள்ளுங்கள். உச்சி நீட்டம் 3 மி.மீ.க்குக் கீழே போனால் அந்தக் காம்பின் வேலை முடிந்தது, ஓரமாக வைத்துவிடுங்கள்.

கூடவே தலையைக் கையில் பிடித்துக்கொண்டு, காம்பின் நடுவில் விரல் கணுவால் தட்டிக் கேளுங்கள். இறுகியிருந்தால் ஒரே சுத்தமான ஒலி. உள்ளே இடைவெளி இருந்தால் அந்த ஒலிக்குப் பின்னால் ஒரு கரகரப்பு ஒட்டி வரும். சிவப்புப் பொடி உதிர்கிறதா என்று வெள்ளைத் துணியால் கீழ்விளிம்பைச் சுற்றித் துடைத்தும் பார்க்கலாம்.

பிள்ளைகளை வீசுகிற கோட்டுக்கு முன்னாலும் பின்னாலும் நிற்க விடாதீர்கள். தலை பறந்தால் அந்தக் கோட்டில்தான் பறக்கும், ஓங்கும்போது பின்னாலும் வெட்டும்போது முன்னாலும். பக்கவாட்டில் 5 மீட்டர் தள்ளி நிற்கட்டும்.

கொய்யாவின் எடையை வாரா வாரம் இங்கேயே போடுங்க தம்பி. நின்றதும் கரி வேலையைத் தொடங்கலாம்.